யப்பானியப் பேராசான் ஜிகோரோ கானோ

தைப்பொங்கல் கழிந்து பாடசாலை தொடங்கிய சில நாட்களில் நம் ஊர் மைதானங்களிலே சுண்ணாம்புக் கோடு இடும் வேலை ஆரம்பமாகிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தம் நடைபெறும். இல்லச் சோடனையும் கொடியும் வாத்தியமுமாக அந்நாள் ஒரு திருவிழாப் போல நிகழும். ஆனால் சற்றே கூர்ந்து நோக்குவோமாயின், ஓட்டம், பாய்தல், எறிதல் ஆகிய எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பப் பரிசு பெறுவோர் ஒரு சில பிள்ளைகளே என்பது புலனாகும். எஞ்சிய நூற்றுக்கணக்கானோர் கயிற்றுக்கு இப்புறம் நின்று கைதட்டுகின்றனர். அவர்களுள்ளும் மெலிந்தவன், குள்ளன், கூச்சமுள்ளவன் என்போர் மைதானத்திலே கால் வைப்பதே இல்லை. வீட்டாருக்கும் அதிலே குறை தோன்றுவதில்லை. பிள்ளை கணக்கிலே கெட்டிக்காரன், விளையாட்டு அவனுக்கு எதற்கு என்று இருந்துவிடுகின்றனர்.

இவ்வாண்டு மலரிலே யாருடைய சரிதையை எழுதலாம் என்று யோசித்தபொழுது, அவ்வாறு கயிற்றுக்கு இப்புறம் நின்ற ஒரு பிள்ளையின் சரிதையே எம் நினைவுக்கு வந்தது. அப்பிள்ளை பின்னாளில் ஒரு நாட்டின் பாடசாலைகள் அனைத்தையும் மைதானத்துக்கு இழுத்து வந்தவர். ஜூடோ என்னும் கலையைத் தந்தவர் என்றே உலகம் அவரை அறியும். எமக்கோ அவர் முதலில் ஓர் உபாத்தியாயர்.

ஜிகோரோ கானோ 1860ஆம் ஆண்டு யப்பானின் மேற்குப் பகுதியிலுள்ள கரையோர ஊர்களுள் ஒன்றாகிய மிக்காகே என்னும் இடத்திலே பிறந்தார். இன்று அது கோபே நகரத்தின் ஒரு பகுதி. அரிசியிலிருந்து சாக்கே என்னும் மது வடிப்பதிலே பேர்போன குடும்பம் அது. தந்தையார் அத்தொழிலை விட்டு அரசாங்கத்தின் கப்பல் அலுவல்களில் ஈடுபட்டவர். கல்வியிலே மிகுந்த பற்றுடையவர். மகனுக்குச் சீன இலக்கியமும் எழுத்துக்கலையும் இளமையிலேயே கற்பிக்க ஏற்பாடு செய்தார். பிள்ளைக்கு ஒன்பது வயதளவில் தாயார் காலமானார். அதன்பின் தந்தையுடன் தலைநகராகிய ரோக்கியோவுக்குச் சென்றார்.

யப்பான் அப்பொழுது தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலம். 1868இலே பழைய ஆட்சி வீழ்ந்து புதிய அரசாங்கம் ஏற்பட்டது. 1876இலே வாள் தரிக்கும் உரிமையும் வீரர் குலத்தாரிடமிருந்து பறிக்கப்பட்டது. மேல்நாட்டுக் கல்வி, மேல்நாட்டு உடை, மேல்நாட்டு இயந்திரம் என்று நாடே ஓடிக்கொண்டிருந்தது. சிறுவன் கானோவும் ஆங்கிலம் முதலாய பாடங்களைப் பிறநாட்டு ஆசிரியரிடம் கற்கும் விடுதிப் பாடசாலை ஒன்றிலே சேர்க்கப்பட்டான். படிப்பிலே அவனுக்கு நிகரில்லை. உடலிலோ அவன் மிகச் சிறியவன். மூத்த மாணவர்கள் அவனைத் தள்ளினர், அடித்தனர், ஏவல் செய்வித்தனர். இதைப் படிக்கும் இளைஞர்களுள் சிலருக்கு இச்செய்தி புதிதாக இராது. விடுதியிலே இருந்தவர்களுக்கு நாம் விரித்துரைக்கவும் வேண்டியதில்லை.

ஜுஜுட்சு என்றொரு பழைய மல்வித்தை உண்டென்றும், அதனைக் கற்றால் சிறியவனும் பெரியவனை வீழ்த்தலாம் என்றும் வீட்டுக்கு வந்துபோகும் பெரியவர் ஒருவர் வாயிலாகச் சிறுவன் கேள்வியுற்றான். கற்பிக்கும்படி கெஞ்சினான். அவர் இசையவில்லை. தந்தையும் இசையவில்லை. புதிய உலகிலே பழைய சண்டை வித்தையால் என்ன பயன் என்பதே அக்காலத்துப் பெற்றோரின் எண்ணம். இந்தத் தந்தையை நாம் குறைகூற மாட்டோம். நம் வீடுகளிலும் அவரைப் போன்றவர்களே மிகப் பலர்.

1877இலே கானோ ரோக்கியோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அப்பொழுது அவருடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலம் அளவினது. நிறை தொண்ணூறு இறாத்தல். பல்கலைக்கழக மாணவன் என்ற நிலையிலே தாமே குருவைத் தேடத் தொடங்கினார். தேடிய விதம் சுவையானது. பழைய மல்வித்தைக் குருமார் வருமானம் இழந்தபின், முறிவு நெரிவு வைத்தியம் செய்தே சீவனம் நடத்தினர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே நகரத்திலே எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். பலர் கைவிரித்தனர். ஈற்றிலே ஒருவர் வழிகாட்ட, புக்குடா ஹச்சினோசுக்கே என்னும் குருவை அடைந்தார்.

புக்குடா கற்பித்த முறை பழைய முறை. ஒரு பிடியினால் மாணவனைத் தூக்கி எறிவார். அது எவ்வாறு நிகழ்ந்தது என்று மாணவன் வினவினால், விளக்கம் கூறாமல் மீண்டும் அழைத்து மீண்டும் எறிவார். எத்தனையோ முறை விழுந்தபின் உடம்பு தானே உணர்ந்துகொள்ளும் என்பது அவருடைய கொள்கை. கானோ சளைக்கவில்லை. உடம்பெங்கும் காயமும் கன்றலுமாக, மருந்து பூசிக்கொண்டே விரிவுரைக்குப் போவார். அந்த மருந்தின் நாற்றத்தைக் கண்டு தோழர்கள் நகைப்பார்களாம். ஆனால் விளக்கமின்றி எறியப்படுவது அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. ஏன், எவ்வாறு என்று தமக்குத் தாமே வினாவி, விடையைக் குறிப்பேட்டிலே எழுதி வைத்தார். அக்குறிப்புகளை ஆங்கிலத்திலே எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வாறு வினாவும் பழக்கமே பிற்காலத்தில் அவரை நல்லாசிரியராக்கிற்று என்பது எம் எண்ணம்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அப்பயிற்சிக் கூடத்திலே மீன் வியாபாரி ஒருவர் இருந்தார். ஆள் பெருத்த உடம்பினர். கானோ எவ்வளவோ முயன்றும் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ என்னும் நாட்டு மல்யுத்தத்தின் பிடிகளைக் கற்றுவந்து பார்த்தார். பலிக்கவில்லை. பின்னர் நூல்நிலையத்துக்குச் சென்றார். மேல்நாட்டு மல்யுத்த நூல் ஒன்றைப் புரட்டினார். எதிரியின் கீழே குனிந்து புகுந்து, அவனைத் தோள்மீது குறுக்காக ஏற்றிப் புரட்டும் பிடி ஒன்றை அதிலே கண்டார். நண்பர்களிடத்துப் பழகிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போய் அந்தப் பெரிய மனிதரைத் தூக்கி எறிந்தார். தோட்சக்கரம் என்று பொருள்படும் பெயரோடு அப்பிடி இன்றும் ஜூடோவில் உண்டு. புத்தகம் வேறு, மைதானம் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இந்நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

1879இலே அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதி கிராண்ட் யப்பானுக்கு வந்தபோது அவருக்கு முன்னிலையில் இவ்வித்தை காட்டப்பட்டது. கானோவும் பங்குபற்றினார். அதன்பின் சில நாட்களுள் புக்குடா இறந்தார். கானோ வேறு இரு குருமாரிடம், வேறு வேறு மரபுகளைக் கற்றார். அரசியலும் பொருளியலும் கற்றுப் பட்டம் பெற்று, 1882இலே உயர்குலப் பிள்ளைகள் கற்கும் கக்குஷுயின் என்னும் பாடசாலையில் ஆசிரியரானார்.

அவ்வாண்டிலேயே ரோக்கியோவின் ஒரு பகுதியிலுள்ள எய்ஷோ-ஜி என்னும் பௌத்த ஆலயத்திலே இடம் பெற்றுத் தமது சொந்தப் பயிற்சிக் கூடத்தை நிறுவினார். கோடோக்கன் என்பது அதன் பெயர். நெறியைப் பயிலும் இல்லம் என்று பொருள்படும். பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவே இடம். முதலாண்டு சேர்ந்தோர் ஒன்பது பேர். அவர்கள் ஒருவரையொருவர் எறியும்போது ஆலயத்தின் தளம் அதிர்ந்து, முன்னோர் பெயர் பொறித்த பலகைகள் தட்டுகளிலிருந்து விழுந்தனவாம். பூசகர் முறைப்பாடு செய்தார். இருபத்தோரு வயதுக் குருவானவர் இரவிலே தளத்தின் கீழே புகுந்து முட்டுக்கொடுத்துத் திருத்துவது வழக்கமாயிற்று.

தாம் கற்ற மரபுகளிலிருந்து ஆபத்தான பிடிகளை நீக்கி, எஞ்சியவற்றை ஒழுங்குசெய்து, அதற்கு ஜூடோ என்று பெயர் சூட்டினார் கானோ. ஜுஜுட்சு என்பதன் ஈற்றிலே உள்ள சொல் வித்தை எனப் பொருள்படும். ஜூடோவின் ஈற்றிலே உள்ளதோ வழி, நெறி எனப் பொருள்படும். சேர்ந்த மாணவனுக்கு முதலிற் கற்பிப்பது எதிரியை வீழ்த்தும் முறை அன்று. தான் விழும் முறை. கையினால் பாயைத் தட்டி, தலை நிலத்திற் படாதவாறு, காயமின்றி விழுதல் எவ்வாறு என்பதே முதற்பாடம். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பிப்போர் யாவரும் இம்முறையைக் கவனிக்க வேண்டும். விழுவதற்குப் பயப்படும் பிள்ளையை முதலிலே விழப் பழக்கிவிட்டால் பயத்திற் பெரும்பகுதி தீர்ந்துவிடுகின்றது. தேர்ச்சிக்கேற்பப் படிநிலைகள் வகுத்ததும் அவரே. 1883இலே முதலிரு மாணவர்கள் முதற் படிநிலை பெற்றனர். இன்று உலகெங்கும் தற்காப்புக் கலை பயிலும் சிறுவர் இடுப்பிலே கட்டும் கறுப்புப் பட்டியின் மூலம் கோடோக்கனே.

இவற்றோடு தம் வீட்டிலே சிறு விடுதி ஒன்றையும் நடத்தினார். பெற்றோர் ஒப்படைத்த பிள்ளைகள் அங்கே வாழ்ந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் விடியுமுன் எழுந்து கூட்டித் துடைத்துப் பின்னரே பாடமும் பயிற்சியும். கானோ இளமையிலே மிகுந்த முற்கோபி என்பதையும், பயிற்சியினாலேயே அது தணிந்தது என்பதையும் அவரே பலரறியச் சொல்லியிருக்கிறார். அவ்வனுபவமே பிள்ளைகளையும் அவ்வழியிலே வளர்க்க அவரைத் தூண்டியிருக்கும்.

இனி அவர் பாடசாலைகளுக்குச் செய்த பணிக்கு வருவோம். எமக்கு முக்கியமானது இதுவே.

அக்காலத்து யப்பானியப் பாடசாலைகளில் இருந்தது மேல்நாட்டு முறையிலான தேகாப்பியாசம். 1885 முதல் கல்வி மந்திரியாயிருந்த மோரி அரினோரி, படைப்பயிற்சி போன்ற அப்பியாசங்களை ஆசிரிய கலாசாலைகளிலே புகுத்தினார். வரிசையிலே நிற்றல், கட்டளைக்குக் கையைத் தூக்குதல், திரும்புதல், நடத்தல். பழைய வித்தைகளைப் பாடசாலையிற் சேர்க்கலாமா என்று 1884இலே அரசாங்கம் ஆராய்ந்து, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தது. ஆபத்து உண்டு, முரட்டுத்தனம் வளரும், பலருக்கு ஒருசேரக் கற்பித்தல் அரிது என்பன காட்டிய காரணங்கள். அக்காரணங்கள் அற்பமானவை அல்ல. கானோவும் அவற்றை அற்பமாகக் கொள்ளவில்லை.

1889ஆம் ஆண்டு மே மாதத்திலே யப்பானியக் கல்விச் சங்கத்தாரின் கூட்டத்தில், கல்வி மந்திரியும் வீற்றிருக்க, ஜூடோவும் அதன் கல்விப் பயனும் என்ற பொருள்பற்றி அவர் நீண்டதொரு விரிவுரை செய்தார். உடலை வளர்த்தல், போட்டியிலே வெல்லுதல், ஒழுக்கத்தைப் பேணுதல் என்று தம் கலைக்கு மூன்று நோக்கங்களை வகுத்துக் காட்டினார். தேகாப்பியாசம் பற்றி அவர் பிற்காலத்தும் வற்புறுத்திய கருத்து ஒன்றுண்டு. கட்டளைப்படி செய்யும் அப்பியாசம் எல்லா அவயவங்களுக்கும் பயன் தருவது உண்மையே. ஆனால் அதிலே சுவை இல்லை. பாடசாலையை விட்டு நீங்கிய மறுநாளே மாணவன் அதனை விட்டுவிடுகிறான். பந்தாட்டம் முதலியவற்றிலே சுவை உண்டு. ஆனால் அவை உடம்பின் ஒரு பகுதிக்கே அதிக வேலை தருகின்றன. சுவையும் பயனும் ஒருங்கே அமைந்ததொன்று வேண்டும் என்பதே அவர் கொண்ட பிரச்சினை. நம் பாடசாலைகளிலே தேகாப்பியாச வகுப்பைக் கண்டதும் வயிற்றுவலி சொல்லும் பிள்ளைகளை அறிந்த நாம், அது யப்பானுக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று எப்படிச் சொல்வோம்?

அவ்வாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிற்று. அங்குள்ள கல்விமுறைகளைப் பார்வையிட்டு 1891இலே திரும்பினார். திரும்பும் கப்பலிலே பருத்த ருஷியர் ஒருவர் அவருடன் மல்லுக்கு நின்று தூக்கி எறியப்பட்டார் என்றும், எறியும்போது அவருடைய தலை தளத்திலே மோதாதவாறு கானோ தம் கையைக் கொடுத்துத் தாங்கினார் என்றும் சொல்வர்.

பின்னர் தென்பகுதியிலே குமாமோட்டோவில் ஐந்தாம் உயர்நடுத்தரப் பாடசாலையின் அதிபரானார். யப்பானைப் பற்றி மேல்நாட்டாருக்கு எழுதிப் புகழ்பெற்ற லவ்காடியோ ஹேர்ன் அப்பொழுது அங்கே ஆங்கில ஆசிரியராயிருந்தார். 1895இலே வெளிவந்த அவருடைய நூலொன்றிலே இக்கலையைப் பற்றிய கட்டுரை இடம்பெற்றது.

1893இலே ரோக்கியோ உயர் ஆசிரிய கலாசாலையின் அதிபர் பதவி கானோவைத் தேடி வந்தது. இடையிடையே விலகியும் மீண்டும் வந்தும், 1920 வரை, கூட்டிப் பார்த்தால் இருபது ஆண்டுகளுக்கு மேல் அக்கலாசாலையை நடத்தினார். நாடெங்குமுள்ள நடுத்தரப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்பும் இடம் அது. அங்கே அவர் செய்தவற்றை உற்றுப் பார்க்குமிடத்து, அவருடைய சாதுரியம் விளங்கும். பிள்ளைகளுக்கு விளையாட்டின் அருமையைப் பிரசங்கம் செய்வதிலே அவர் காலம் போக்கவில்லை. ஆசிரியராகப் போகிறவர்களையே ஓட வைத்தார், நீந்த வைத்தார். கலாசாலையிலே விளையாட்டுச் சங்கம் ஒன்று அமைந்தது. மாணவர் யாவரும் அதில் அங்கத்தவர். ஏதேனும் ஒரு விளையாட்டிலே ஒவ்வொருவரும் ஈடுபட வேண்டும். ஜூடோ அவற்றுள் ஒன்று மட்டுமே. உதைபந்தாட்டம், ரெனிஸ், பேஸ்போல், படகு வலித்தல் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. ஆண்டிலே இருமுறை நெடுந்தூர ஓட்டம் நடைபெற்றது. அதிலே கலாசாலை முழுவதும் ஓடிற்று. கோடையிலே கடற்கரைக்கு அழைத்துச் சென்று நீச்சல் பழக்கினர். 1915இலே உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கெனத் தனிப்பிரிவும் அங்கே ஏற்பட்டது.

நடத்தல், ஓடுதல், நீந்துதல் ஆகிய மூன்றையும் அவர் இவ்வளவு பாராட்டியதற்குக் காரணம் எளியது. அவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஆண், பெண், முதியோர், இளையோர் யாவரும் செய்யலாம். ஜூடோவைத் தோற்றுவித்தவரே, நாட்டு மக்கள் எல்லோருக்கும் ஏற்ற பயிற்சி எது என்று கேட்டபோது இவற்றைச் சுட்டினார் என்பது எமக்கு வியப்பைத் தந்தது. மைதானமும் மட்டையும் வலையும் இல்லையே என்று நம் கிராமத்துப் பாடசாலைகள் குறைப்படுவது நியாயமே. எனினும் கடற்கரையும் குளக்கரையும் வயல்வரம்பும் நம்மிடம் இல்லாமற் போய்விடவில்லை.

சீனத்திலிருந்து வந்த மாணவர்களையும் கானோ ஏற்றார். 1896இலே பதின்மூவர் வந்தனர். அவர்களுக்கெனத் தொடங்கிய ஏற்பாடு வளர்ந்து கோபுன் கலாசாலையாயிற்று. 1909இலே அது மூடப்படுமுன் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்து கற்றனர். சீனத்தின் பேரெழுத்தாளராகிய லூ சுன் அவர்களுள் ஒருவர். அவர் கோடோக்கனிலும் பதிவுசெய்து ஜூடோ பயின்றவர்.

1909இலே சர்வதேச ஒலிம்பிக் குழுவிலே கானோ அங்கத்தவரானார். ஒலிம்பிக் போட்டியைப் புதுப்பித்த குபெர்த்தான் பிரபுவின் வேண்டுகோளைப் பிரெஞ்சுத் தூதுவர் அவரிடம் கொண்டுவந்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து அக்குழுவிற் சேர்ந்த முதல்வர் அவரே. 1911இலே யப்பானிய மெய்வல்லுநர் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு நவம்பரில் ஹனேடா என்னுமிடத்திலே தெரிவுப்போட்டி நடந்தது. 25 மைல் ஓட்டத்தை 2 மணி 32 நிமிடம் 45 வினாடியில் ஓடி முதலிடம் பெற்றவர் கனாக்குரி ஷிசோ. உயர் ஆசிரிய கலாசாலையின் மாணவர். சிறு வயதிலே நாள்தோறும் பாடசாலைக்குப் போய்வர ஏறக்குறைய ஏழரை மைல் ஓடிப் பழகிய கிராமத்துப் பிள்ளை. கலாசாலையின் நெடுந்தூர ஓட்டத்திலேதான் அவருடைய திறமை வெளிப்பட்டது. எல்லோரும் ஓட வேண்டும் என்ற விதி இல்லாதிருந்தால் இந்தப் பையனை யார் கண்டிருப்பார்?

ஸ்டொக்ஹோமுக்குப் போக இருவர் தெரிவாயினர். கனாக்குரியும் குறுந்தூர ஓட்டக்காரர் மிஷிமாவும். பிரயாணச் செலவு பெரிது. கனாக்குரியின் தோழர்கள் கலாசாலையிலே பணம் சேர்த்துக் கொடுத்தனர். கப்பலிலும் பின்னர் சைபீரிய இரயிலிலும் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட பயணம். 1912 ஜூலை 14ஆம் திகதி மரதன் ஓட்டம் நடந்த அன்று வெயில் கொளுத்திற்று. போர்த்துக்கல் நாட்டு வீரர் ஒருவர் வெப்பத்தினாலே உயிரிழந்தார். ஓடத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேரே முடித்தனர். துணிக் காலணியுடன் ஓடிய கனாக்குரி பாதி வழிக்குச் சற்று அப்பால் மயங்கிச் சாய, வழியோர வீட்டார் அவரை உள்ளே அழைத்து உபசரித்தனர். வெட்கத்தினாலே போட்டி அதிகாரிகளுக்கு அறிவியாமல் நாடு திரும்பினார். மிஷிமாவும் வெற்றி பெறவில்லை.

பத்திரிகைகளுக்கு அது பெருந்தோல்வி. கானோ அடுத்த போட்டிக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கினார். கனாக்குரி 1920இலே அன்வேர்ஸ் நகரத்துப் போட்டியில் பதினாறாவதாக வந்தார். அவ்வாண்டிலேயே ரோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்கு ஓடித் திரும்பும் கலாசாலை அஞ்சலோட்டத்தைத் தொடக்கி வைத்தோரில் அவரும் ஒருவர். முதலாண்டு நான்கு கலாசாலைகள் ஓடின. உயர் ஆசிரிய கலாசாலையே வென்றது. இன்றும் யப்பானியர் புத்தாண்டு தினத்தை அடுத்து அந்த ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். 1928இலே முப்பாய்ச்சலில் ஓடா மிக்கியோ யப்பானுக்கு முதல் தங்கப்பதக்கம் பெற்றுக்கொடுத்தார். கனாக்குரியின் கதைக்கு ஒரு வால் உண்டு. 1967இலே, எழுபத்தைந்து வயதிலே, சுவீடன் நாட்டார் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கும்படி வேண்டினர். முதியவர் மைதானத்திலே சிறிது தூரம் ஓடிக் கோட்டைக் கடந்தார். ஓட்டத்துக்கு எடுத்த நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20 வினாடி என்று அறிவிக்கப்பட்டது.

ஜூடோவைப் பாடசாலைகளிலே பாடமாகக் கற்பிக்கலாம் என்ற அனுமதி 1911இலே கிடைத்தது. மறுக்கப்பட்டு இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. பெண்களுக்கு இக்கலையை 1893 அளவிலேயே கானோ கற்பிக்கத் தொடங்கிவிட்டார். 1922இலே தம் கொள்கையை இரு தொடராக வகுத்தார். உள்ள ஆற்றலை வீணாக்காமல் நற்பயனுக்கு உபயோகித்தல் ஒன்று. தானும் பிறரும் ஒருங்கே வாழ்வு பெறுதல் மற்றொன்று. பிறந்த ஊர்ப்பக்கத்திலே சாக்கே வடிக்கும் குடும்பத்தார் சேர்ந்து 1927இலே நாடா என்னும் பாடசாலையை நிறுவியபோது கானோ அதற்கு ஆலோசகராயிருந்தார். இவ்விரு தொடர்களுமே அப்பாடசாலையின் குறிக்கோளாயின. இப்பாடசாலை இன்று எதனாலே பெயர்பெற்றது என்றால், பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைச் சித்தியினாலே! விளையாட்டு வந்தால் படிப்புப் போய்விடும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு இச்செய்தியைப் பணிவோடு சமர்ப்பிக்கிறோம்.

நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்றுண்டு. கவி தாகூர் கேட்டுக்கொண்டதன்மேல், 1929இலே கோடோக்கனிலிருந்து தக்காகாக்கி ஷின்சோ என்னும் ஆசிரியர் சாந்திநிகேதனத்துக்கு வந்து 1931 வரை ஜூடோ கற்பித்தார். அங்கே மாணவிகளும் பயின்றனர்.

கானோவின் இறுதி ஆண்டுகள் ஒலிம்பிக் போட்டியை ஆசியாவுக்குக் கொண்டுவரும் முயற்சியிலே கழிந்தன. 1936 ஜூலை 31ஆம் திகதி பேர்லினில் நடந்த வாக்கெடுப்பிலே, ஹெல்சிங்கி 27 வாக்குப் பெற, ரோக்கியோ 36 வாக்குப் பெற்று 1940ஆம் ஆண்டுப் போட்டியை வென்றது. மறுவருடமே யப்பானியப் படை சீனத்தின்மேற் பெரும்போர் தொடுத்தது. போர் செய்யும் நாட்டிலே சமாதானப் போட்டி எங்ஙனம் என்று பல நாட்டார் வினாவினர். 1938 மார்ச்சிலே கெய்ரோவிற் கூடிய குழுவில், விளையாட்டையும் அரசியலையும் கலத்தலாகாது என்று வாதாடி, எழுபத்தேழு வயதுக் கிழவர் ரோக்கியோவின் உரிமையைக் காப்பாற்றினார். இவ்விடத்தில் எம் மனம் அவரோடு முற்றும் ஒத்துப்போகவில்லை. ஆயிரக்கணக்கான சீன மாணவர்க்கு ஆசிரியராயிருந்தவர், அந்நாடு எரிந்துகொண்டிருந்தபோது இவ்வாறு வாதாடியது எவ்வளவு பாரமாக அவருக்கு இருந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

வடஅமெரிக்கா வழியாகத் திரும்பியவர் ஹிக்காவா மாரு என்னும் கப்பலில் ஏறினார். நடுக்கடலிலே நியூமோனியாக் காய்ச்சல் கண்டு, 1938 மே 4ஆம் திகதி, யோக்கஹாமாத் துறையை அடைய இரண்டு நாள் இருக்கையில் உயிர் நீத்தார். ஒலிம்பிக் கொடி போர்த்திய பெட்டியாக அவர் கரைக்கு வந்தார். இரண்டு மாதம் செல்ல யப்பான் போட்டியைத் துறந்தது.

பன்னிரண்டு பாயுடன் தொடங்கிய கோடோக்கன் அவர் வாழ்நாளிலேயே, 1934இலே, ஐந்நூறுக்கு மேற்பட்ட பாய் விரித்த மண்டபமாயிற்று. ஆயினும் பாடசாலையிலே அவர் நாட்டிய கலை இலகுவிலே வாழவில்லை. போர்க்காலத்திலே அது படைக்கு ஆள் தயாரிக்கும் கருவியாக வளைக்கப்பட்டது. அதனால் 1945இலே நாட்டைக் கைப்பற்றிய நேசப்படையினர் பாடசாலைகளிலே அதைத் தடைசெய்தனர். 1950இலே தடை நீங்கிற்று. 1964 ஒலிம்பிக் ஈற்றிலே ரோக்கியோவில் நடந்தது. ஜூடோவும் சேர்க்கப்பட்டது. நிறை வரையறையற்ற பிரிவிலே ஒல்லாந்தராகிய அன்ரன் கீசிங், யப்பானியர் கமினாகாவை அவர் நாட்டிலேயே வென்றார். கொண்டாடுவதற்குப் பாயின்மேல் பாய்ந்து வந்த தம் நாட்டாரைக் கையை உயர்த்தித் தடுத்து, தோற்றவர்க்கு வணக்கம் செய்தார் அவர்.

2012 முதல் யப்பானிலே நடுத்தரப் பாடசாலைப் பிள்ளைகள் யாவர்க்கும் தற்காப்புக் கலை ஒன்று கட்டாய பாடமாயிற்று. அவ்வேளையிலே நாட்டில் பெருங்கவலை எழுந்தது. 1983 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளிலே பாடசாலை ஜூடோவில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இறந்திருந்தமை வெளிவந்ததே அதற்குக் காரணம். தலை அடிபட்டு இறந்தோரே மிகுதி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், விழுதலை நன்கு பழகுமுன்னரே முரட்டுப் பயிற்சியில் விடப்பட்டனர். பெற்றோர் திரண்டு கேட்டபின்னரே விதிகள் இறுகின. 1884இலே அரசாங்கம் காட்டிய காரணங்களுள் முதலாவது ஆபத்து என்பதை மேலே சொன்னோம். கானோ அதற்குக் கண்ட மருந்து கோடோக்கனின் முதற்பாடத்திலேயே இருந்தது.

அவர் உயிர் நீத்த கப்பல் போரிலே மருத்துவமனைக் கப்பலாகப் பணிபுரிந்து, தப்பிப் பிழைத்து, 1960இலே ஓய்வு பெற்று, இன்று யோக்கஹாமாத் துறையிலே காட்சிச்சாலையாகக் கட்டப்பட்டு நிற்கின்றது.